தகுதி என்னும் அளவுகோலும் கல்லூரி வாயிலும்: நீதிபதி தர்குட் மார்ஷல் (1908–1993) வாழ்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலின் வாழ்க்கையைக் கல்லூரிச் சேர்க்கை என்னும் ஓர் இழையைப் பற்றி இக்கட்டுரை விவரிக்கிறது. வழக்கறிஞராக இருந்தபோது இனம் பாராத சேர்க்கையைக் கோரியவர், நீதிபதியானபின் இனம் கருதி இடமளிப்பதை ஆதரித்தார். இதனை முரண்பாடாகக் காண்பார் உளர். இரு நிலைகளிலும் அவர் எழுப்பிய வினா ஒன்றே என்பதும், அவ்வினாவைச் சூழ்ந்த கட்சிகளே இடம் மாறி நின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: தகுதி, இனம், கல்லூரிச் சேர்க்கை, கட்சி அரசியல், தர்குட் மார்ஷல், பாக்கி வழக்கு.

முன்னுரை

இன்றைய தமிழ் வழக்கில் தகுதி என்னும் சொல் இடம் கேட்டு வருபவரிடம் தேடப்படும் ஒரு பண்பைக் குறிக்கிறது. திறமை என்பதோடு சேர்ந்து இணைமொழியாகவும் வழங்குகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் முதற் குறளில் வரும் தகுதி என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் நடுவுநிலைமை என்றே உரை வகுத்தார். அங்கே தகுதி அளக்கப்படுபவரின் பண்பன்று, அளப்பவரின் பண்பு. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள தொலைவு தமிழகத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கருப்பின மாணவர்களின் சேர்க்கை குறித்து நடைபெற்ற சட்டப் போராட்டம் முழுவதும் இத்தொலைவைப் பற்றியதே எனலாம். அப்போராட்டத்தில் முதலில் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் நின்றவர் மார்ஷல்.

இளமையும் கல்வியும்

மார்ஷல் 1908 ஜூலை 2 அன்று மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் இரயில் உணவுப் பெட்டியில் பரிமாறுபவராகவும், பின்னர் வெள்ளையர் மன்றம் ஒன்றில் மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார். தாய் நார்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நீதிமன்றத்திற்குச் சென்று வழக்குகளைக் கேட்டுவரும் பழக்கம் தந்தைக்கு இருந்தது. வீட்டிலும் பிள்ளைகள் கூறும் எதற்கும் காரணம் கேட்பார். பள்ளியில் குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அரசியலமைப்பைப் படிக்க வைக்கப்பட்டதாகவும், அதனால் அதன் பெரும்பகுதி தமக்கு மனப்பாடமாயிற்று என்றும் மார்ஷல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவர் அனைவரும் கருப்பினத்தவர். ஆசிரியர் அனைவரும் வெள்ளையர். அங்கு அவருடன் பயின்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1929இல் மாணவரிடையே ஒரு கருத்தாய்வு நடத்தினார். கருப்பின ஆசிரியர்கள் வேண்டாம் என்றே பெரும்பான்மையோர் கூறினர். மார்ஷலும் முதலில் அப்பெரும்பான்மையில் இருந்தார்; பின்னர் மனம் மாறி எதிர்நிலைக்காக வாதிட்டார். தம் இனத்தவரே தம் இனத்தவரின் தகுதியை ஐயுறும் அளவுக்கு அளவுகோல் உள்ளத்தில் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்று. அவரது வாழ்க்கை வரலாறுகள் இந்நிகழ்ச்சிக்கு இன்னும் கூடுதலான இடம் தந்திருக்கலாம்.

1930இல் பட்டம் பெற்ற மார்ஷல் சட்டம் பயில விரும்பினார். மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி அவர் வாழ்ந்த ஊரிலேயே இருந்தது. அவர் அங்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. விண்ணப்பித்ததற்குச் சான்று இல்லை. கதவு அடைபட்டிருப்பதை அறிந்து விண்ணப்பிக்கவே இல்லை என்பதே பொருந்துகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. மறுப்பு ஆவணமாக எஞ்சுகிறது; விண்ணப்பிக்கப்படாத இடம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. அக்கல்லூரி தொடக்கம் முதலே மூடியிருந்ததும் அன்று. 1889இல் ஹாரி கம்மிங்ஸ், சார்லஸ் ஜான்சன் என்னும் கருப்பின மாணவர் இருவர் அங்குப் பட்டம் பெற்றனர். அடுத்துச் சேர்ந்த கருப்பின மாணவரை வெள்ளை மாணவர்களின் எதிர்ப்பைக் காரணங்காட்டி வெளியேற்றிய பின்னரே கதவு சாத்தப்பட்டது.

எனவே மார்ஷல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் ஏறத்தாழ 40 மைல் பயணம் செய்தார். கட்டணத்திற்காகத் தாய் தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். அங்கே சட்டக் கல்லூரியை நடத்திவந்தவர் ஹார்வர்டில் பயின்ற சார்லஸ் ஹியூஸ்டன். மாலை நேர வகுப்புகளை நிறுத்தி, பாடத்திட்டத்தைக் கடுமையாக்கி, 1931க்குள் கல்லூரிக்கு அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஏற்பையும் அவர் பெற்றுத் தந்தார். பலர் இடையிலேயே விலகினர். கடுமையான தேர்வையும் தரத்தையும் மார்ஷல் எந்நாளும் பகைக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள ஹியூஸ்டனிடம் பயின்ற இவ்வாண்டுகளை நினைவிற்கொள்ள வேண்டும். 1933இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார்.

மேரிலாந்து முதல் டெக்சாஸ் வரை

வழக்கறிஞரான இரண்டாம் ஆண்டிலேயே தமக்கு அடைபட்டிருந்த அதே கல்லூரியை மார்ஷல் நீதிமன்றத்திற்கு இழுத்தார். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற டொனால்ட் மர்ரேயின் விண்ணப்பம் நிறத்தின் காரணமாகவே மறுக்கப்பட்டது. வெளிமாநிலத்தில் பயில உதவித்தொகை உண்டு என்றது பல்கலைக்கழகம். மேரிலாந்தில் தொழில் புரிய விரும்புபவர் மேரிலாந்துச் சட்டத்தையும் அதன் நீதிமன்றங்களையும் அங்கேயே கற்க வேண்டும் என்று ஹியூஸ்டனும் மார்ஷலும் வாதிட்டனர். 1935 ஜூனில் நகர நீதிமன்றம் சேர்க்கைக்கு ஆணையிட்டது. 1936 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மர்ரே 1938இல் பட்டம் பெற்றார்.

இவ்வழக்கில் மாணவரின் தகுதி பற்றி விவாதமே எழவில்லை. நிறம் ஒன்று நீங்கலாக அவர் எல்லாவகையிலும் தகுதியுடையவர் என்பதை எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடந்த வழக்குகளிலும் நிலை இதுவே. இத்தகைய மாணவரையே தேடித் தெரிவு செய்வது மார்ஷலின் வழக்குமுறை. 1936 முதல் கருப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தில் முழுநேரப் பணியில் இருந்த அவர், 1940இல் அதன் சட்டப் பாதுகாப்பு நிதியத்தைத் தொடங்கித் தலைமையேற்றார். உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதிட்டவை 32 வழக்குகள், வென்றவை 29.

அவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாதது டெக்சாஸ் வழக்கு. அஞ்சல் ஊழியரான ஹீமன் ஸ்வெட் 1946இல் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். மாநில அரசு அவரைச் சேர்ப்பதற்கு மாறாகக் கருப்பினத்தவர்க்கெனத் தனிச் சட்டக் கல்லூரி ஒன்றைத் தோற்றுவித்தது. பழைய கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் 16 பேர், மாணவர் 850 பேர், நூல்கள் 65,000. புதியதில் பேராசிரியர் 5 பேர், மாணவர் 23 பேர், நூல்கள் 16,500. இந்த எண்களோடு நின்றிருந்தால் வழக்கு எளிதாக முடிந்திருக்கும். அரசு இன்னும் சில ஆயிரம் நூல்களை வாங்கிவிட்டுச் சமம் என்று கூறியிருக்கும். மார்ஷல் எண்ணிக்கைக்கு அப்பால் சென்றார். கல்லூரியின் பெயர், முன்னாள் மாணவரின் செல்வாக்கு, பிற்காலத்தில் எதிரே நின்று வாதிடப்போகிறவர்களோடு இன்று உடனிருந்து பயில்வது ஆகியவற்றை அளக்க முடியாது. ஆயினும் அவையே கல்வியின் பயன் என்பது வாதம். 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதனை ஏற்றது.

அதே நாளில் ஓக்லஹோமா வழக்கிலும் தீர்ப்பு வந்தது. முதுநிலைக் கல்வியில் சேர்க்கப்பட்டிருந்த ஜார்ஜ் மெக்லாரின் என்னும் மூத்த ஆசிரியரை வகுப்பறையை ஒட்டிய தனி அறையில் அமர்த்தியிருந்தனர். நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் தனி மேசை. அதுவும் செல்லாது என முடிந்தது. இவ்வெற்றிகளைக் காண ஹியூஸ்டன் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலிலேயே காலமாகியிருந்தார்.

இத்தீர்ப்புகள் வந்த ஏழு வாரங்களுக்குப்பின், 1950 ஜூலை 27 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. டெக்சாசில் அடைத்த கதவைத் திறந்த சமத்துவ உரிமை சென்னையில் இடப்பங்கீட்டைத் தடுத்தது. இந்திய நாடாளுமன்றம் 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தின் வழியாக அச்சிக்கலுக்கு விடை கண்டது. அமெரிக்காவில் அவ்வினா நீதிமன்றத்தின் முன் முழுமையாக வருவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. இவ்வொப்பீடு தனிக் கட்டுரைக்குரியது.

இனம் பேசாச் சட்டங்கள்

1954 மே 17 அன்று வெளியான பிரவுன் வழக்குத் தீர்ப்பு அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்தது. அது பெரிதும் எழுதப்பட்ட பொருள் ஆதலின் இங்கு விரிக்கவில்லை. அதற்குப்பின் நிகழ்ந்ததே மார்ஷலின் பிற்காலக் கருத்துக்கு அடிப்படையாயிற்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

தென்மாநிலங்கள் சட்டங்களிலிருந்து இனம் என்னும் சொல்லை நீக்கின. அதன் இடத்தில் தகுதி வந்தது. மாணவரைப் பள்ளிகளில் அமர்த்தும் சட்டங்கள் பல மாநிலங்களில் இயற்றப்பட்டன. மாணவரின் முன்பயிற்சி, மனநிலை, ஒழுக்கம், பாடத்திட்டத்திற்கு ஏற்புடைமை முதலியவற்றைக் கல்விக் குழு ஆராய்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பள்ளியை ஒதுக்கும். சட்டத்தின் எழுத்தில் குற்றம் காண இயலாது. அலபாமாவின் சட்டத்தை, அதன் வாசகத்தை மட்டும் நோக்கி, உச்ச நீதிமன்றமே 1958இல் அனுமதித்தது. ஆனால் ஆண்டுதோறும் கருப்பினக் குழந்தைகள் கருப்பினப் பள்ளிகளுக்கே ஏற்றவர்களாகக் காணப்பட்டனர்.

மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் விதி இன்னும் நுட்பமானது. விண்ணப்பிப்பவர் முன்னாள் மாணவரிடம் நற்சான்று பெற்றுவர வேண்டும். முன்னாள் மாணவர் அனைவரும் வெள்ளையர். 1961இல் ஜேம்ஸ் மெரிடித் விண்ணப்பித்தபோது உதவி வேண்டி எழுதியது மார்ஷலுக்கே. வழக்கை அவருடைய அலுவலகத்தின் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி நடத்தினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் நற்சான்று விதியை நீக்கியது. 1962 இலையுதிர் காலத்தில் மெரிடித் வளாகத்திற்குள் நுழைந்தபோது எழுந்த கலவரத்தில் இருவர் இறந்தனர். இவற்றைத் தம் அலுவலக மேசையில் கண்டவர், நிறம் பேசாத விதி என்ற ஒன்றினாலேயே அது நடுநிலையானது என்று நம்புவதற்கில்லை.

கட்சிகளும் நியமனங்களும்

அமெரிக்கக் கட்சிகளின் இன்றைய நிலைகளைக் கொண்டு அக்காலத்தை அளக்கலாகாது. பிரவுன் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி எர்ல் வாரன் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். குடியரசுக் கட்சித் தலைவரான ஐசனோவரால் நியமிக்கப்பட்டவர். அத்தீர்ப்பை எதிர்த்து 1956இல் வெளியான தென்மாநில அறிக்கையில் கையெழுத்திட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுள் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியினர். மிசிசிப்பியில் மெரிடித்தை மறித்த ஆளுநரும், அவரைக் காக்கப் படை அனுப்பிய அதிபர் கென்னடியும் அதே ஜனநாயகக் கட்சியினர்.

1961இல் கென்னடி மார்ஷலை மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு நியமித்தபோது தடை சொந்தக் கட்சியிலிருந்தே வந்தது. செனட்டின் நீதிக் குழுத் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். ஓராண்டு இழுத்தடித்தபின் 1962 செப்டம்பரில் 54–16 என்ற வாக்குகளில் ஒப்புதல் கிடைத்தது. 1965இல் அதிபர் ஜான்சன் அவரை அரசின் தலைமை வழக்குரைஞராக்கினார். 1967 ஜூனில் உச்ச நீதிமன்றத்திற்குப் பெயர் குறித்தார்.

அப்போதைய விசாரணை தகுதித் தேர்வு என்னும் கருவியின் இயல்பை நன்கு காட்டுகிறது. தென்கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 1948இல் பிரிவினையைக் காக்கத் தனிக் கட்சி அமைத்து அதிபர் தேர்தலில் நின்றவர். 1964இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியவர். பதினான்காம் திருத்தத்தை வரைந்த குழுவின் உறுப்பினர் பெயர்கள் முதலிய அரிய வரலாற்றுச் செய்திகளைப் பற்றி அறுபதுக்கும் மேற்பட்ட வினாக்களை அவர் தொடுத்தார். பலவற்றுக்கு மார்ஷல் தெரியாது என்றே விடையளித்தார். உச்ச நீதிமன்றத்தில் 29 வழக்குகளை வென்றவரின் சட்ட அறிவை அறிய இவ்வினாக்கள் தேவையில்லை. தென்மாநிலங்களில் கருப்பின வாக்காளரை வடிகட்ட நடத்தப்பட்ட எழுத்தறிவுத் தேர்வின் வடிவமே இங்கு மேலவைக்குள் வந்தது. 1967 ஆகஸ்ட் 30 அன்று 69–11 என மார்ஷல் ஏற்கப்பட்டார். எதிர்த்த பதினொருவரில் தர்மண்ட் ஒருவரே குடியரசுக் கட்சியினர்.

அடுத்த ஆண்டு நிக்சன் வென்றார். தென்மாநில வெள்ளையர் வாக்குகளை ஈர்க்க முயன்ற அவரது ஆட்சியே 1969இல் பிலடெல்பியாத் திட்டத்தின்வழிக் கட்டுமானப் பணிகளில் சிறுபான்மையினர்க்கு இலக்கு எண்களை விதித்தது என்பதையும் குறிக்க வேண்டும். கட்சி வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை. ஆயினும் நிக்சன் நியமித்த நால்வரால் நீதிமன்றத்தின் போக்கு மாறியது. மார்ஷலின் எழுத்து பெரும்பாலும் மாறுபட்ட தீர்ப்பாயிற்று.

அவற்றுள் 1973இன் சான் அன்டோனியோ வழக்கு கருதத்தக்கது. ஒரே நகரப் பகுதியில் ஏழைகள் வாழும் எட்ஜ்வுட் வட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 356 டாலரும், செல்வர் வாழும் அலமோ ஹைட்ஸ் வட்டத்தில் 594 டாலரும் செலவிடப்பட்டன. சொத்துவரியை நம்பிய நிதிமுறையின் விளைவு இது. ஐவர் இதில் அரசியலமைப்பு மீறல் இல்லை என்றனர். அத்தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். மார்ஷல் நீண்ட மறுப்பு எழுதினார். பின்னாளில் கல்லூரி வாயிலில் அளக்கப்படும் மதிப்பெண் இவ்விரு தொகைகளுக்கிடையே உருவாவது என்பதை அம்மறுப்போடு சேர்த்துப் படித்தால்தான் அடுத்த வழக்கு விளங்கும்.

பாக்கி வழக்கு

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 1968இல் 50 மாணவருடன் தொடங்கியது. அவருள் கருப்பினத்தவர் ஒருவருமில்லை. பின்னர் இடங்கள் 100 ஆனபோது 16 இடங்கள் சிறப்புச் சேர்க்கைக்கு ஒதுக்கப்பட்டன. 1971 முதல் 1974 வரை அவ்வழியே கருப்பின மாணவர் 21 பேர் சேர்ந்தனர். பொதுவழியில் சேர்ந்தவர் ஒரே ஒருவர். வெள்ளையினப் பொறியாளரான ஆலன் பாக்கி 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் விண்ணப்பித்து இடம் பெறவில்லை. சிறப்புவழியில் சேர்ந்தோர் சிலரைவிடத் தம் மதிப்பெண் உயர்ந்தது என்று வழக்குத் தொடுத்தார். அவர் கூற்றில் பொய் இல்லை, இழப்பும் உண்மையானதே. வழக்கின் கடினம் அங்கேதான் உள்ளது.

1978 ஜூன் 28 அன்று வந்த தீர்ப்பு நான்குக்கு நான்கு எனப் பிளந்து பவலின் கையில் நின்றது. பவல், பிரிவினைப் பள்ளிகள் நிலவிய காலத்தில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரக் கல்விக் குழுத் தலைவராக இருந்தவர். குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடம் ஒதுக்குவது கூடாது, ஆனால் மாணவரிடையே பன்மை வேண்டி இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்று அவர் முடித்தார். இதற்குத் துணையாக அவர் காட்டியவற்றுள் ஸ்வெட் வழக்கும் ஒன்று. மார்ஷல் 1950இல் வென்ற கருத்து, எண்ணில் அடங்காத பயன் என்பது, அவர் விரும்பாத முடிவுக்குச் சான்றாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில் சக நீதிபதிகளுக்கு அனுப்பிய குறிப்பில் மார்ஷல் அடிப்படை வினாவைச் சுட்டியிருந்தார். டேவிஸ் கல்லூரி செய்ததைச் சிலரைச் சேர்த்ததாகக் காண்பதா, வேறு சிலரை விலக்கியதாகக் காண்பதா என்பதைப் பொறுத்தே முடிவு அமையும் என்பது அதன் சாரம். தனித் தீர்ப்பில் அடிமைமுறையிலிருந்து வரலாற்றை எடுத்துரைத்தார். பதினான்காம் திருத்தத்தை இயற்றிய அதே நாடாளுமன்றம் விடுதலை பெற்றோர்க்கென இனம் கருதிய உதவிச் சட்டங்களையும் இயற்றியதை நினைவூட்டினார். இருநூறு ஆண்டுகள் இனப் பாகுபாட்டைத் தடுக்காத அரசியலமைப்பு, அதனைச் சீர்செய்ய ஒரு மாநிலம் முனையும்போது மட்டும் குறுக்கே நிற்பதா என்பதே அவர் கேள்வி. தாம் பாதிக்கப்பட்டதாக ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே மெய்ப்பிக்கத் தேவையில்லை. இனவெறி எவரையும் விட்டுவைக்கவில்லை என்றார்.

வசதியுள்ள கருப்பினக் குடும்பத்துப் பிள்ளையையும் ஏழை வெள்ளையினப் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தினால் இவ்விடை முழுமையானது என்று கூற இயலாது. சான் அன்டோனியோ மறுப்பில் வறுமையை அவ்வளவு கூர்ந்து நோக்கியவர் இங்கு அதனைத் தனியே எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் முரண்பாடு என்னும் குற்றச்சாட்டு வேறு. மர்ரே வழக்கில் அவர் கோரியது நிறத்தைப் பார்க்காதிருப்பதை மட்டுமன்று. ஒரு மக்கட்பிரிவை வெளியே நிறுத்தும் ஏற்பாட்டை நீக்குவதை. 1935இல் அவ்வேற்பாட்டின் கருவி நிறம். 1955க்குப்பின் நிறம் பேசாத தேர்வு. கருவி மாறியபோது அவர் வாதமும் மாறியது. அளப்பவர் நடுநின்று அளந்தாரா என்னும் வினா மாறவில்லை.

இறுதி ஆண்டுகள்

1980இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி தன் புதிய நூலகத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. விழாவிற்கு மார்ஷல் செல்லவில்லை.

ரீகன் ஆட்சிக்காலத்தில் சேர்க்கை வழக்குகளில் கட்சிகளின் நிலைகள் இன்றைய வடிவத்தை அடைந்தன. உடல்நலம் குன்றிய மார்ஷல், ஜனநாயகக் கட்சி அதிபர் ஒருவர் வரும்வரை காத்திருக்க எண்ணியும் இயலாமல் 1991 ஜூனில் ஓய்வை அறிவித்தார். தமக்குப்பின் வருபவரைத் தேர்வதில் நிறம் ஒரு சாக்காகிவிடக் கூடாது என்று செய்தியாளரிடம் கூறினார். அதிபர் புஷ் சில நாள்களில் கருப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமசின் பெயரை அறிவித்து, அவரே மிகத் தகுதியானவர் என்றும் இனத்திற்கும் தெரிவுக்கும் தொடர்பில்லை என்றும் விளக்கினார். சிறுபான்மையினரைச் சேர்க்கும் திட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில் யேல் சட்டக் கல்லூரியில் பயின்ற தாமஸ், அத்தகைய திட்டங்களைக் கடுமையாக எதிர்ப்பவர். செனட் 52–48 என ஒப்பியது. மார்ஷல் 1993 ஜனவரி 24 அன்று மறைந்தார்.

2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட், வடகரோலினாப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைமுறைகளை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்த அறுவர் ஒருபுறமும், ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தோர் மறுபுறமும் நின்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பு, பிரவுன் வழக்கில் மார்ஷலின் கீழ்ப் பணியாற்றிய ராபர்ட் கார்ட்டர் 1952இல் முன்வைத்த இனம் பாரா வாதத்தைச் சான்று காட்டியது. நீதிபதி சோட்டோமேயரின் மாறுபட்ட தீர்ப்பு, பாக்கி வழக்கில் மார்ஷல் எழுதியதைச் சான்று காட்டியது.